கடைசற் பொறியும் கைத்திறனும்: கம்பளைப் பட்டறைகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

தமிழிலே தொழில்நுட்பத்தின் வரலாறு எழுதப்படும்போது பெரும்பாலும் அணைகளும் கோபுரங்களும் குளங்களுமே பேசப்படுகின்றன. அவற்றைச் செய்வித்த மன்னரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது. செய்த கையின் பெயர் பொறிக்கப்படவில்லை. இது தற்செயலானதன்று. எழுத்து எவரிடம் இருந்ததோ அவரது பார்வையே வரலாறாகியது. புறநானூற்றின் 312ஆம் செய்யுளிலே பொன்முடியார் சமுதாயத்தின் கடமைகளைப் பகுத்துக் கூறுகையில் கொல்லனுக்கும் ஓரிடம் அளிக்கின்றார். படைக்கலம் ஆக்கித் தருவது அவன் கடன். ஆனால் அந்தக் கொல்லன் தன் தொழிலை எவரிடம், எவ்வாறு, எத்தனை ஆண்டு கற்றான் என்பதை நமது இலக்கியம் நமக்குக் கூறுவதில்லை. கைத்தொழிலின் பயன் இலக்கியத்துக்குள் வந்தது. கைத்தொழிலின் அறிவு வெளியே நின்றது.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியது போலத் தோன்றலாம். கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த கண்டிப் பிரதேசத்திலும் இயங்கும் சிறிய லேத் பட்டறைகள், அங்கே தொழில் கற்பிக்கப்படும் முறை, பொறி பழுதுபட்டபோது பிழை காணும் முறை, கையால் இயக்கும் பொறியிலிருந்து கணினியால் இயங்கும் பொறிக்கு மாறும்போது அவ்வறிவுக்கு நேர்வது என்பவற்றையே ஆராய முற்படுகின்றோம். அறிவு எவருடைய உடைமை என்ற வினா இச்சிறிய பொருளினுள்ளே அடங்கியிருக்கின்றது.

2

கம்பளை பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சிங்கள அரசின் தலைநகராக விளங்கிய ஊர். அக்காலத்துக்குரியதெனக் கொள்ளப்படும் எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண் செதுக்கல்கள் இப்பிரதேசத்துக் கைவினைஞரின் ஆற்றலுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. பிற்காலக் கண்டி இராச்சியத்திலே கைவினைஞர் அரச சேவைக்குக் கடமைப்பட்டவர்களாக, சாதியடிப்படையிலே ஒழுங்கமைக்கப்பட்டிருந்தனர். சேவைக்கு ஈடாக நிலம் வழங்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் இவ்வமைப்பை விரிவாக விளக்குகின்றது. மாத்தளைப் பகுதியின் ஹப்புவித போன்ற கிராமங்களிலே மரத்தைச் சுழலவிட்டுக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் தொழில் வழிவழியாக நிலவியது. சுழலும் பொருளின்மீது நிலையான அலகை வைத்து வடிவம் ஆக்குதல் என்ற கடைசலின் அடிப்படைத் தத்துவம் இந்நாட்டுக்கு அந்நியமானதன்று என்பது இதனாற் பெறப்படும்.

குமாரசுவாமி அந்த உலகைப் பரிவோடு நோக்கினார். அதன் அழிவுக்காக வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. அங்கே கைத்திறன் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. தந்தை மகனுக்குக் கற்பித்தான். வேறெவருக்கும் அதனைக் கற்பிக்கச் சமுதாயம் இடமளிக்கவில்லை. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததன் பின்னர் அரச சேவை முறை படிப்படியாகத் தளர்ந்து மறைந்தபோது கைவினைஞர் தம் ஆதாரத்தை இழந்தனர். ஆனால் அவர்களுடைய இடத்தை நிரப்பியது உள்நாட்டுக் கைத்தொழிலன்று. பெருந்தோட்டமே அவ்விடத்தை நிரப்பியது.

3

1867ஆம் ஆண்டு இவ்வகையிலே குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேதான் கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை கண்டியை அடைந்தது. அதே ஆண்டிலே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டிலேதான் கார்ல் மார்க்சின் மூலதனம் முதலாந் தொகுதியும் வெளிவந்தது. அந்நூல் இயந்திரத்தைப் பற்றிக் கூறியவற்றை மலைநாட்டின் நிகழ்வுகளோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது.

இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ், ஹென்றி மோட்சிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயிலில் உருவாக்கிய நகர்தாங்கியை எடுத்துக்காட்டுகின்றார். அதற்கு முன்னர் கடைபவன் வெட்டலகைத் தன் கையாலேயே பற்றிப் பிடித்தான். நகர்தாங்கியோ அலகை இறுகப் பற்றித் திருகாணியின் வழியே சீராக நகர்த்தியது. அது ஏதோ ஒரு கருவிக்குப் பதிலாக வந்ததன்று, மனிதக் கைக்கே பதிலாக வந்தது என்பது மார்க்சின் நுண்ணிய அவதானம். பொறிகளைக் கொண்டே பொறிகளைச் செய்யும் ஆற்றலை முதலாளித்துவம் இவ்வாறுதான் பெற்றது.

இலங்கைக்கு இயந்திரம் இந்த வரிசையிலே வரவில்லை. பொறியைச் செய்யும் பொறி வருமுன்னரே பயிரைப் பதப்படுத்தும் பொறி வந்தது. கோப்பிக் காலத்திலே பழத்தின் தோலை நீக்கும் பொறிகள் தேவைப்பட்டன. அத்தேவையை அடிப்படையாகக் கொண்டே ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தமது பொறியியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பிரவுண் கொம்பனி 1875இல் ஹட்டனிலே தோட்டங்களுக்கான பட்டறையாகவே தொடங்கப்பட்டது. 1874இல் புகையிரதம் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டியது. ஜாக்சனின் உருட்டுப் பொறி, பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் சிறொக்கோ உலர்த்தி ஆகியன தேயிலைத் தொழிற்சாலைகளிலே நிலைகொண்டன.

இப்பொறிகள் ஓடின, ஓடியவை தேய்ந்தன. இங்குதான் கம்பளை போன்ற ஊர்களின் வரலாற்றுப் பாத்திரம் தொடங்குகின்றது. பறித்த கொழுந்து காத்திருக்காது. உருட்டுப் பொறியின் வளையச்சைத் தாங்கும் பித்தளைப் புஷ் தேய்ந்து பொறி நின்றால், வாடிய கொழுந்து அன்றைக்கே கெடும். இங்கிலாந்திலிருந்து மாற்றுறுப்பு வரும்வரை எத்தோட்டமும் பொறுத்திருக்க முடியாது. நுவரெலியா வீதியும் நாவலப்பிட்டி வீதியும் பிரியுமிடத்தில் அமைந்த கம்பளை, புசல்லாவை முதல் தொளஸ்பாகை வரையுள்ள தோட்டங்களுக்குச் சந்தையாகவும் பழுதுபார்க்கும் இடமாகவும் அமைந்தது. தோட்டப் பொறிகளோடு லொறி, பஸ், நெல் ஆலை என்பனவும் காலப்போக்கிலே சேர்ந்துகொண்டன. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின்கீழ் வேலைசெய்யும் பட்டறைகள் இவ்வகை ஊர்களிலே உருவாகின.

4

கோயம்புத்தூரோடு ஒப்பிட்டு நோக்குவது இவ்விடத்திலே தெளிவு தரும். அங்கே பருத்தி ஆலைகளின் பழுதுபார்ப்பு வேலையிலும், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின்னர் பெருகிய பம்புசெற் தேவையிலும் சிறு பட்டறைகள் வேரூன்றின. 1926இல் தொடங்கப்பட்ட பி. எஸ். ஜி. கைத்தொழில் நிறுவனம் போன்றவை கல்வியையும் உற்பத்தியையும் ஓரளவு இணைத்தன. ஜி. டி. நாயுடு போன்றோர் செய்முறைக் கல்வியை வலியுறுத்தினர். உள்ளூர் மூலதனம் இலாபத்தின் ஒரு பகுதியைப் பொறி செய்யும் தொழிலிலேயே இட்டது. பழுதுபார்த்தவர் படிப்படியாகப் பொறியை ஆக்குபவரானார்.

கம்பளையிலே அவ்வாறு நிகழவில்லை. கைத்திறன் குறைந்தமை இதற்குக் காரணமன்று. தோட்டத்து உபரி கொழும்பு வழியே இலண்டனுக்குச் சென்றது. தேயிலைப் பொறிகளை இந்நாட்டிலேயே செய்த நிறுவனங்களும் அந்நிய மூலதனத்துக்குரியனவாகவே இருந்தன. உள்ளூர்ப் பட்டறைக்கு எஞ்சியது தேய்ந்த உறுப்பே. 1970க்கும் 1977க்கும் இடையிலே இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, மாற்றுறுப்பு வராத காரணத்தினாலேயே உள்ளூர்ப் பட்டறைகளுக்கு வேலை பெருகிற்று. கிடைத்த இரும்பைக் கொண்டு கிடையாத உறுப்பைச் செய்யும் திறன் வளர்ந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான உறுப்புகள் குவிந்தன. செய்து பொருத்துதல் குறைந்து வாங்கிப் பொருத்துதல் வழக்காயிற்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, ஒரு கட்டத்திலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியபோது நாடு மறுபடியும் அதே பாடத்தைக் கற்க நேர்ந்தது. தட்டுப்பாடு வரும்போது போற்றப்பட்டு, தாராளம் வரும்போது மறக்கப்படுவது இக்கைத்திறனின் விதியாக இருந்துவந்துள்ளது.

5

இனி, பட்டறையின் உள்ளே அறிவு எவ்வாறு கைமாறுகின்றது என்பதை நோக்குவோம். தொழில் கற்க வரும் இளைஞனை மலைநாட்டுப் பட்டறைகளிலே சிங்களச் சொல்லால் கோலயா என்பர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பாஸ் என்ற சொல்லே ஆசானைக் குறிக்கும். சீவல் இரும்பைக் கூட்டி அள்ளுவதிலே தொடங்கி, எண்ணெய் இடுதல், அலகைச் சாணையில் தீட்டுதல், முகம் வெட்டுதல், துளையிடுதல் என்று படிப்படியாக அவன் முன்னேறுவான். புரி வெட்டுதல் இறுதியில் வரும்.

புரி வெட்டும் வேலையிலே காலனித்துவ வரலாறே அடங்கியுள்ளது எனின் மிகையாகாது. பழைய பிரித்தானியப் பொறிகளின் ஆணிகள் ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்மொழிந்த அளவுமுறையைச் சார்ந்தவை. அவற்றின் புரிக்கோணம் 55 பாகை. பின்னர் வந்த மெற்றிக் புரியின் கோணம் 60 பாகை. அலகைத் தீட்டும்போதே இவ்வேறுபாட்டைக் கவனியாதவன் செய்த ஆணி மரையினுள் சற்று நுழைந்து பின் இறுகிவிடும். அங்குல அளவிலான கடைசற் பொறியிலே மெற்றிக் புரியை வெட்டுவதற்கு 127 பற்களுள்ள சக்கரம் ஒன்றை இடையிலே பொருத்த வேண்டும். ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர் என்பதே இதற்கான காரணம். இக்கணக்கைப் பள்ளியிலே முறையாகப் படித்திராத பாஸ்மாரும் இச்சக்கரத்தின் பயனை நன்கறிவர். இரண்டு பேரரசுகளின் அளவுகோல்களுக்கிடையே பாலமாக நிற்பது அவ்வொற்றைச் சக்கரம்.

பிழை காணுதல் இதனிலும் நுட்பமானது. கடைந்த தண்டு ஒரு நுனியில் பருத்தும் மறுநுனியில் சிறுத்தும் வந்தால், பின்தாங்கியின் மையம் விலகியிருக்கலாம். தண்டு மெலிந்ததாக இருந்து அலகின் அழுத்தத்தால் வளைந்திருக்கவும் கூடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய, தடித்த தண்டொன்றின் இரு நுனிகளிலும் சிறு வளையங்களை ஒரே அமைப்பிலே கடைந்து அளந்து பார்ப்பர். தடித்த தண்டு வளையாது. ஆகவே அதிலும் வேறுபாடு தோன்றினால் குற்றம் பொறியினுடையது. கடையும்போது பொருள் அதிர்ந்து மேற்பரப்பிலே வரிவரியாகத் தழும்பு விழுந்தால், அலகு தாங்கியிலிருந்து மிகுதியாக நீண்டிருக்கின்றதா, முனை மையத்துக்கு மேலே நிற்கின்றதா, சுழல்தண்டின் தாங்கி தளர்ந்துள்ளதா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பர். ஒரு வேளையிலே ஒன்றை மட்டுமே மாற்று என்பது பட்டறையின் முதல் விதி. பரிசோதனைசாலையின் முதல் விதியும் இதுவேயன்றோ? விஞ்ஞான முறை என்று பல்கலைக்கழகத்தில் நாம் கற்பிப்பதன் சாரத்தை, அப்பெயரை அறியாமலே கையாள்பவர்கள் இவர்கள்.

இருப்பினும் குரு–சீட உறவை மிகைப்படப் போற்றுவதும் பிழையாகும். ஆசான் கடைசி நுட்பத்தைப் பெரும்பாலும் மறைத்தே வைப்பான். கற்றவன் நாளை எதிர்த்தெருவிலே தனிப்பட்டறை திறந்துவிடுவான் என்ற அச்சமே அதற்குக் காரணம். இதனைத் தனிமனிதக் குணக்குறை என்று கொள்வதிலும் பார்க்க, சிறு உடைமையாளனை அண்டை வீட்டானின் போட்டியாளனாக்கும் சந்தையின் விளைவாகக் கொள்வதே பொருத்தமானது. கோலயாவின் குறைந்த கூலியும் கற்பித்தல் என்ற பெயராலேயே நியாயப்படுத்தப்படுகின்றது. சாதி மூடிய கதவைச் சந்தை திறந்தது உண்மை; ஆனால் முழுவதும் திறக்கவில்லை.

6

மலையகத் தமிழரின் நிலை இங்கே தனித்து நோக்கப்பட வேண்டியது. தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்று அழைத்து, இரவு பகலாகப் பொறிகளோடு வாழ்ந்த தொழிலாளர் அவர்கள். சுழலும் பொறியினுள் ரோதைமுனி என்னும் தெய்வம் உறைவதாகக் கொண்டு பலியிட்டு வழிபடும் மரபு தோட்டங்களிலே உண்டு. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. இதனை அறியாமை என்று ஒதுக்குவோர் வரலாற்றை அறியாதோர். பொறியின் மீது எவ்வித அதிகாரமும் இல்லாதவன், அது தன் கையைப் பறிக்கக்கூடும் என்பதை மட்டும் நிச்சயமாக அறிந்தவன், அதனோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையே அவ்வழிபாடு. தன்னால் இயங்கும் பொருள் தனக்கு மேலான அந்நிய சக்தியாக நிற்பதை அவன் தன் மொழியிலே கூறினான்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. அதனால் அரசாங்க உத்தியோகங்களின் கதவு அவர்களுக்கு அடைபட்டது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பிலே வந்தது 1970களில்தான். நாடற்றோர் பிரச்சினையின் எச்சம் 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை நீடித்தது. எனவே லயத்தை விட்டு வெளியேற விரும்பிய இளைஞனுக்கு நகரத்தின் கடையும் பட்டறையுமே வாயில்களாயின. கடையிலே சிப்பந்தியாகலாம், பட்டறையிலே தொழிலாளியாகலாம். பின்னதிலே, காகிதம் எதுவுமின்றிக் கைக்குள் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு சொத்து கிடைத்தது. 1983 போன்ற கொடிய காலங்களிலே உடைமைகளைக் கைவிட்டு ஓடியவர்களிடமும் எஞ்சியிருந்தது இச்சொத்துத்தான்.

நமது மலையக இலக்கியம் கொழுந்து பறிக்கும் கையை அழியாதவாறு பதிவுசெய்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளும் என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்தும் அதற்குச் சான்று. ஆனால் ஸ்டோரின் பிற்றருக்கும் பட்டறையின் கோலயாவுக்கும் அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. மலையின் அழகும் துயரும் நம் எழுத்தாளரை ஈர்த்த அளவுக்கு எண்ணெய் படிந்த கை ஈர்க்கவில்லை எனலாம்.

7

இப்பின்னணியிலேயே கணினிக் கட்டுப்பாட்டுப் பொறியின் வருகையை மதிப்பிட வேண்டும். இன்று எவரும் சீ. என். சீ. என்றே அழைக்கும் இப்பொறியின் மூலம் இராணுவத் தேவையிலே உள்ளது. அமெரிக்க விமானப்படையின் நிதியுதவியோடு, ஜோன் பார்சன்சின் எண்ணக்கருவிலிருந்து வளர்ந்த எண்முறைக் கட்டுப்பாட்டுப் பொறி 1952இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே செயல்விளக்கம் செய்யப்பட்டது. அதற்கு முன்னரே வேறொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி கையால் செய்யும் அசைவுகளை நாடாவிலே பதிந்து பொறியை மீண்டும் அவ்வாறே இயக்கும் முறை அது. அம்முறை கைவிடப்பட்டமைக்குத் தொழில்நுட்பக் காரணங்களோடு, உற்பத்தியின் கட்டுப்பாட்டைத் தொழிலாளியிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றும் நோக்கமும் காரணமாயிற்று என டேவிட் நோபில் 1984இல் வெளியிட்ட நூலிலே வாதித்தார். அவருக்குப் பத்தாண்டு முன்னர், 1974இல், ஹரி பிறேவர்மன் சிந்தித்தலும் செய்தலும் பிரிக்கப்படுவதே முதலாளித்துவ உழைப்பின் போக்கு என நிறுவியிருந்தார்.

இவ்வாதங்கள் பெரும் ஆலைகளை நோக்கி எழுந்தவை. சிறு பட்டறைக்கு இவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. ஓரிரு பொறிகளே உள்ள இடத்திலே தனியாகத் திட்டம் எழுத ஒருவரும் பொத்தான் அழுத்த ஒருவரும் வைத்துக்கொள்ள வசதியில்லை. வரைபடத்தை வாசிப்பவனும், நிரலை எழுதுபவனும், அலகைப் பொருத்துபவனும், பிழை காண்பவனும் ஒருவனே. முதல் உறுப்பை வெட்டுமுன் அலகைப் பொருளுக்கு எட்டாத உயரத்திலே ஓடவிட்டுப் பார்ப்பதும், ஓர் எண்ணின் புள்ளி இடம் மாறினால் அலகு நேரே சக்கில் மோதும் என்று அறிந்து வரி வரியாக நிரலைச் செலுத்துவதும் அவன் வேலையே. வறுமையே இங்கு சிந்தனையையும் செயலையும் பிரியவிடாது காக்கின்றது என்பது ஒரு முரண்நகை.

கைப்பொறியில் பெற்ற அறிவு இங்கே வீணாவதில்லை. காலையிலே சரியாக வந்த அளவு நண்பகலிலே சில நூறில் மில்லிமீற்றர் மாறிவந்தால், நிரலிலே குற்றம் தேடுபவன் புதியவன். பொறி சூடேறித் திருகுதண்டு நீண்டுள்ளது எனவோ, அலகின் முனை தேய்ந்துள்ளது எனவோ ஐயுறுபவன் லேத்திலே வளர்ந்தவன். மாற்றம் ஒரே திசையில் மெல்ல ஏறிச் சிறிது நேரத்திலே நிலைத்துவிட்டால் அது சூடு. வெட்ட வெட்ட ஏறிக்கொண்டே சென்றால் அது தேய்வு. சத்தத்தையும் சீவலின் நிறத்தையும் திரை காட்டுவதில்லை. காதும் கண்ணுமே காட்ட வேண்டும்.

ஆயின் பிரிவினை முற்றாக இல்லாமற் போகவில்லை. அது பட்டறையின் உள்ளே நிகழாது, பட்டறைக்கும் பொறியைச் செய்த நாட்டுக்கும் இடையே நிகழ்கின்றது. பழைய லேத்தைத் திறந்தால் பற்சக்கரத்தைக் காணலாம். தேய்ந்ததை அளந்து புதிதாக வெட்டலாம். கணினிப் பொறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாற் காண்பது மின்சுற்றுப் பலகை. பழைய பொறிகளிற் பலவற்றிலே, நினைவைக் காக்கும் சிறு மின்கலம் வலுவிழந்தால் பொறியின் அமைப்பு எண்கள் யாவும் அழிந்துபோகும். அவை முன்னரே எழுதி வைக்கப்படாவிடின், இரும்பு உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் பொறி பிணமாகக் கிடக்கும். எச்சரிக்கை எண்களின் விளக்கம் ஆங்கிலக் கையேட்டிலே இருக்கும். இரண்டாங்கையாக வாங்கிய பொறியோடு அக்கையேடும் வருவது அருமை. கடவுச்சொல்லோ முகவரிடம் இருக்கும். நேற்றுப் பித்தளைப் புஷ்ஷுக்காக இங்கிலாந்தை எதிர்பார்த்தோம். இன்று ஒரு எண்ணுக்காக வேறொரு நாட்டை எதிர்பார்க்கின்றோம். சார்பு நிலையின் வடிவம் மாறியுள்ளது, சார்பு மாறவில்லை.

8

இங்கேதான் மொழி பற்றிய கேள்வி எழுகின்றது. இலங்கையிலே சுயமொழிக் கல்வி நிலைபெற்றபோது அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அது பெரும் பணி. ஆனால் நூலிலே கடைசற் பொறியாக இருப்பது பட்டறையிலே லேத்தாகவே நிலைத்தது. சொற்றொகுதி ஆக்கியோர் ஆங்கில நூலைக் கண்டு சொல் ஆக்கினர். பட்டறையின் பேச்சைக் கேட்டல்ல. மக்கள் வழங்கும் சொல்லை ஏளனம் செய்து பயனில்லை. லேத், சக், புஷ் என்பனவும் இன்று தமிழ்த் தொழிலாளியின் சொற்களே. நமக்குத் தேவையானவை புதிய சொற்கள் மட்டுமல்ல. பிழை காணும் முறைகள் வரிசையாக எழுதப்பட்ட நூல்கள். அத்தகைய அறிவு எழுத்திலே இல்லாதவரை ஒரு பாஸ் இறக்கும்போது ஒரு நூலகமே மூடப்படுகின்றது.

தேசிய தொழிற்றகைமை முறையின்கீழ், அனுபவத்தாற் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இன்று உண்டு. காகிதமில்லாத கைக்குக் காகிதம் தருவது வரவேற்கத்தக்கதே. ஆயின் சான்றிதழ் ஆளை அங்கீகரிக்கின்றது. அவரிடமுள்ள அறிவைப் பொதுவுடைமையாக்குவதில்லை. இப்பட்டறைகளுக்கு மிக அருகிலே, பேராதனையில், 1964 முதல் பொறியியற் பீடம் இயங்கிவருகின்றது. தமிழ்த் துறையும் அதே வளாகத்திலே உண்டு. பொறியியலாளரின் அளவும் மொழியியலாளரின் செவியும் பாஸின் அனுபவமும் ஒன்றுசேர்ந்தால் மலைநாட்டுப் பட்டறைத் தமிழிலே, எந்தக் கோலயாவும் வாசிக்கக்கூடிய ஒரு பிழைகாண் கையேட்டை ஆக்குவது இயலாத காரியமன்று. கூடவே, ஒவ்வொரு பட்டறையும் தன் பொறியின் அமைப்பு எண்களை எழுதிக் காக்கும் பழக்கமும் கூட்டாகப் பகிரும் ஏற்பாடும் தோன்றினால் முகவரின் ஏகபோகம் ஓரளவேனும் தளரும்.

சாதி ஒரு காலத்திலே இவ்வறிவைக் குடும்பத்துள் பூட்டியது. சந்தை அதனை ஆசானின் நெஞ்சினுள் பூட்டியது. இன்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் அது மூன்றாவது முறையாகப் பூட்டப்படுகின்றது. பூட்டுகள் யாவும் மனிதரால் ஆக்கப்பட்டவையே. அவற்றைத் திறப்பது தனியொரு கைவினைஞனின் சாமர்த்தியத்தால் ஆகக்கூடியதன்று. அறிவைப் பொதுவாக்க விரும்பும் சமுதாயத்தின் கூட்டு முயற்சியாலேயே ஆகும். அம்முயற்சியிலே எழுத்தறிந்தோராகிய நமக்குரிய பங்கு, இதுவரை எழுதப்படாதவற்றை எழுதுவதேயாகும்.